ஒரே 'க', பல ஒலிகள்

இந்தியில் க-வுக்கு நான்கு எழுத்து இருக்கிறது, தமிழில் ஒன்றுதானே என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகவே படவில்லை. தமிழ் ஒலிகள் இயங்கும் விதத்தை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது.

கல், பக்கம், தங்கம், அகம். நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டிலும் குரல்நாண் அதிராமல் அழுத்தமான க் வருகிறது. தங்கத்தில், ங் ஒலிக்கும்போதே குரல்நாண் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல் அடுத்த ஒலிக்குப் போவதுதான் வாய்க்கு எளிது, அதனால் க-வும் அதிர்கிறது. அகத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நாக்கு அண்ணத்தை முழுதாக அடைப்பதே இல்லை. பலர் வாயில் அது ஹ-வாகவே மாறிவிடுகிறது. எங்கே எந்த ஓசை என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது. பல், அம்பு என்று சொன்னால் ப-விலும் இதே கதைதான்.

ஆனால் வலி, வழி, வளி வேறு விஷயம். நாக்கு கொஞ்சம் இடம் மாறினால் நோவு பாதையாகிறது, பாதை காற்றாகிறது. இப்படிப் பொருளைப் பிரித்துக் காட்டும் ஒலியை மொழியியலில் ஒலியன் என்கிறார்கள். இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்கள் மாற்றொலிகள். ல, ழ, ள மூன்று ஒலியன்கள். க-வின் வடிவங்களோ ஒரே ஒலியனின் மாற்றொலிகள். எழுத்து ஒலியனுக்குத்தான் வேண்டும்.

எல்லா மொழிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலேயர் 'பின்' என்று சொல்லும்போது ப-வோடு மூச்சு குப்பென்று வரும். 'ஸ்பின்' என்னும்போது வராது. அந்த வித்தியாசத்தை அவர்கள் கவனிப்பதே இல்லை. இந்தியிலோ 'பல்' என்றால் கணம், அதையே மூச்சு சேர்த்துச் சொன்னால் பழம்.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனவர்களில் மிகச் சிலரால்தான் முடிந்தது. காது கெட்டுவிடவில்லை, வீட்டு மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, தமிழின் கணக்கு மாறாமலே இருக்கிறதா? இல்லை. காந்தி, பஸ், பீடி எனக் கடன் சொற்களின் முதலிலேயே அதிரும் ஒலிகள் வந்துவிட்டன. செய்த பாவத்துக்கு ஒரு ப, நடனத்தில் காட்டும் பாவத்துக்கு இன்னொரு ப. பொருளே மாறுவதால், அதிரும் ஒலிகளையும் இன்றைய பேச்சுத்தமிழின் ஒலியன்களாகவே சேர்க்க வேண்டும் என்கிறார்கள் சில மொழியியலாளர்கள்.