‘காம்பட் மெடிக்’: தமிழில் என்ன சொல்வது?

போர்ச் செய்தியிலோ படத்தின் வசனத்திலோ ‘காம்பட் மெடிக்’ என்று வந்தால், மொழிபெயர்ப்பவர்கள் சட்டென்று ‘ராணுவ மருத்துவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘போர்க்கள மருத்துவர்’ என்பதும் உண்டு. இரண்டையும் படிப்பவர் மனதில் வருவது எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். மெடிக் டாக்டர் இல்லை. அவர் மருத்துவம் பயின்ற சிப்பாய். காயம்பட்டவர் விழுந்த இடத்துக்கே ஓடிப்போய், அவரை டாக்டரிடம் உயிரோடு கொண்டுசேர்ப்பவர்.

அவர் எப்படி உருவாகிறார் என்று பார்த்தாலே வித்தியாசம் புரியும். அமெரிக்கத் தரைப்படையில் சேர்பவர் முதலில் மற்ற எல்லாரையும் போல 10 வாரம் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார். ஓட்டம், துப்பாக்கி, அணிவகுப்பு எல்லாம் உண்டு. அப்புறம்தான் டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரிலுள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் சுமார் 16 வாரம் மருத்துவப் பயிற்சி. அதில் ஒரு பகுதி, ஊரில் ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவப் பணியாளர் எழுதும் அதே தேர்வுக்கானது. மிச்சம், குண்டு பாய்ந்தவருக்குப் போர்க்களத்தில் என்ன செய்வது என்பது. இந்தப் பணியின் குறியீடு ‘68 டபிள்யூ’. வானொலி வழக்கில் ‘டபிள்யூ’வை ‘விஸ்கி’ என்று சொல்வதால், படைக்குள் இவர்களுக்கு ‘விஸ்கி’ என்றே பெயர். அமெரிக்க மரைன் படைக்குச் சொந்த மெடிக் கிடையாது. கடற்படையிலிருந்து வரும் மருத்துவப் பணியாளரான ‘கார்ப்ஸ்மேன்’தான் அவர்களோடு போகிறார். டாக்டர் இல்லாத அவரை மரைன்கள் அழைப்பது ‘டாக்’ என்று. அது பட்டமல்ல, நம்பிக்கை.

சொல்லுக்கு வருவோம். ‘காம்பட்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கோம்’ என்றால் ஒன்றோடொன்று, ‘பட்டுவெரே’ என்றால் அடித்தல், ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது. ‘மெடிக்’கின் வேர் ‘மெடேரி’, அதாவது குணமாக்குதல். அதிலிருந்து ‘மெடிக்குஸ்’, மருத்துவர். ஆக, அடிப்பதும் ஆற்றுவதும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் ‘மெடிக்’ என்றால் மருத்துவர்தான். படையிலுள்ள மருத்துவப் பணியாளர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. நம் மொழிபெயர்ப்புகள் அந்தப் பழைய பொருளிலேயே நின்றுவிட்டன.

சொல் புதிது என்றாலும் ஆள் பழையவர். ரோமானியப் படையில் மருத்துவர்களைத் தவிர ‘கப்ஸாரியுஸ்’ என்று ஒருவர் இருந்தார். ‘கப்ஸா’ என்றால் பெட்டி. கட்டுத்துணிப் பெட்டி சுமந்தவர் என்பதால் அந்தப் பெயர். பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) படையில் சண்டை வரிசைக்குப் பின்னால் ஆயுதமில்லாமல் குதிரையில் நின்று, விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு வர ஆட்களை வைத்திருந்தார்கள். அவர்கள் தண்ணீர்க் குடுவையும் வைத்திருப்பார்கள். காப்பாற்றிய ஒவ்வொருவருக்கும் ஒரு பொற்காசு கொடுக்கச் சொல்கிறது அக்காலத்துப் போர்க்கையேடு. பிற்காலத்தில் நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே, சண்டை நடக்கும்போதே காயப்பட்டவர்களை ஏற்றிவரும் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ வண்டிகளை அமைத்தார்.

இன்றைய மெடிக்கின் வேலையில் ஒரு நிமிடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். தொடையில் குண்டு பாய்ந்து அங்குள்ள பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். சுடுகிற சத்தம் ஓயவில்லை. காயத்தைத் தேடி உடையைக் கிழிக்க நேரமில்லை. மெடிக் ‘டூர்னிகே’ என்ற இறுக்குப்பட்டையை உடைக்கு மேலேயே, தொடையின் மேற்பகுதியில் சுற்றி இழுக்கிறார். அதிலுள்ள சிறு தண்டைத் திருகுகிறார். காயப்பட்டவர் வலியில் கத்துவார், நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார். ரத்தம் நிற்கும்வரை திருகத்தான் வேண்டும். நின்றதும் தண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கட்டிய நேரத்தை எழுதிவைக்கிறார். மற்றதெல்லாம் மறைவான இடத்துக்கு இழுத்துப் போன பிறகு. அங்கே ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த ‘மார்ச்’ என்ற வரிசை: முதலில் பெரும் ரத்தப்போக்கு, அடுத்து மூச்சுவழி, அப்புறம் சுவாசம், ரத்த ஓட்டம், கடைசியாக உடல் குளிர்ந்துபோகாமல் காப்பதும் தலைக்காயமும். வழக்கமான முதலுதவியில் மூச்சுவழிக்கு இருந்த முதலிடத்தை இங்கே ரத்தம் பிடித்துக்கொண்டது. இந்த முறைக்கு அடிப்படையான கட்டுரை 1996இல் வெளிவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மருத்துவ உதவியாளர்’ பிழையில்லை, ஆனால் அதைக் கேட்டால் மருத்துவமனை வராந்தாதான் தெரிகிறது. ‘மருத்துவப் போராளி’ என்பதில் வேகம் இருக்கிறது, ஆனால் பொருள் எதிராகப் போகிறது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி, மருத்துவப் பணிக்கென்றே இருப்பவர்மீது தாக்குதல் நடத்தக் கூடாது. இடது கையில் செஞ்சிலுவை போன்ற சின்னம் பொறித்த, தண்ணீர் புகாத பட்டி அணிவதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தன்னையும் தன்னிடமுள்ள காயப்பட்டவர்களையும் காக்க மட்டும் அவர் ஆயுதம் எடுக்கலாம். எதிரியின் சிப்பாய் விழுந்து கிடந்தாலும் அவருக்கும் அதே கவனிப்பு. அப்படிப்பட்டவரைப் போராளி என்றால், சட்டம் அவரைச் சுற்றிப் போட்ட வேலியை நாமே பிடுங்குவதுபோல் ஆகிவிடும்.

நான் எழுதுவது ‘களமருத்துவ வீரர்’. ‘களம்’ இடத்தைச் சொல்கிறது, ‘வீரர்’ அவர் படையைச் சேர்ந்தவர் என்கிறது. டாக்டர் என்று யாரும் மயங்க மாட்டார்கள். இரண்டாம் முறை எழுதும்போது ‘மருத்துவ வீரர்’ போதும். முன்னணி நிலையை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில், ஈழத் தமிழில் நன்றாக வேரூன்றிய ‘களமுனை’யைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல் என்னை விடவே மாட்டேன் என்கிறது. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று / அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்பது 950ஆம் குறள். நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று செய்பவரை மருத்துவரோடு கலக்காமல் தனியாக எண்ணியிருக்கிறார் வள்ளுவர். மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக்குப் போகிறவர் என்பதைவிட மெடிக்கை யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் இருப்போருக்கு ‘உழையர்’ என்றும் பழந்தமிழில் உண்டு. ‘கள உழையர்’ என்று வைத்தால் அழகாகவே இருக்கும். ஆனால் இன்று படிப்பவர் அதை ‘உழைப்பவர்’ என்று எடுத்துக்கொள்வார். அதனால் செய்திக்கு அது வேண்டாம், கதைக்கும் கவிதைக்கும் எடுத்தாளலாம்.

காயப்பட்டவருக்கும் ஒரு சொல் இருக்கிறது. துணைக்குச் சுற்றத்தார் இல்லாமல் களத்தில் கிடப்பவனைப் பேய் காத்து நிற்கும் துறையை (பாடுபொருளை) சொல்லும் தொல்காப்பியம், அவனைப் ‘புண்ணோன்’ என்கிறது. ‘கேஷுவல்டி’ என்று எழுதுகிற இடங்களில் அதை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

படங்களில் அடிபட்டவன் ‘மெடிக்!’ என்று அலறும் இடத்தை மட்டும் நான் மொழிபெயர்ப்பதில்லை. அந்த நேரத்தில் ‘களமருத்துவ வீரரே!’ என்று யாரும் கத்தமாட்டார்கள். அங்கே ‘மெடிக்!’ என்றே விட்டுவிடுகிறேன்.