மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட எந்த லைசென்ஸ் வேண்டும்?

குட்டி யானை வாங்கி லோடு அடிக்கலாம் என்று கிளம்புகிற பையன்கள் முதலில் கேட்பது, "பேட்ஜ் எடுக்கணுமா?" என்பதுதான். பேட்ஜ் என்றால் வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் போடுகிற தனி அனுமதி. அது வேண்டாம். காருக்கு எடுக்கிற எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும், வண்டியின் மொத்த எடை சரக்கையும் சேர்த்து 7,500 கிலோவைத் தாண்டாத வரைக்கும். டாடா ஏஸ், தோஸ்த், 407 எல்லாம் இதற்குள் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஆர்.சி.யில் எடையைப் பாருங்கள்.

2017-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, மறு வருடம் ஏப்ரலில் மத்திய அமைச்சகமும் மாநிலங்களுக்கு எழுதியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை, வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு வரைக்கும் போய், 2024 நவம்பர் 6-ல் அதே தீர்ப்பு உறுதியானது. அதனால் சின்ன வண்டிக்கு பேட்ஜ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று, வாடகை வண்டி எதுவானாலும் ஓட்டுகிறவருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 18-ல் கார் லைசென்ஸ் கிடைத்துவிட்டதே என்று அடுத்த நாளே லோடு ஏற்றக் கூடாது.

சரி, லாரி, பஸ்? அதற்குத்தான் ஹெவி, அதாவது கனரக வாகன லைசென்ஸ். எல்.எம்.வி. லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடவே முடியும். ஆகவே லாரித் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் 18, 19 வயதிலேயே கார் லைசென்ஸை எடுத்து வைத்துவிடுங்கள், அந்த ஒரு வருடம் சும்மா இருக்கும்போதே ஓடிவிடும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். டாக்டரிடம் படிவம் 1ஏ (கண் பார்வை, சிவப்பு பச்சை நிறம் தெரிகிறதா என்பதெல்லாம் இதில்தான்), டிரைவிங் ஸ்கூலில் படிவம் 5 வாங்க வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம்.

எட்டாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் போய்விட்டது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டியை நன்றாகவே ஓட்டத் தெரிந்தும், பள்ளிக்கூட சர்டிபிகேட் இல்லாத ஒரே காரணத்தால் கிளீனராகவே காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வண்டியில் அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

பெட்ரோல் டேங்கர், கேஸ் வண்டி, கெமிக்கல் லோடு என்றால் ஹெவி மட்டும் போதாது. அதற்கென்று மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாக எழுதி வாங்க வேண்டும். அது மூன்று வருடம்தான் செல்லும், புதுப்பிக்கும்போது மறுபடி ஒரு நாள் வகுப்பு.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது தேதியில். ஹெவி எடுத்தவரின் கார்டில் இரண்டு தேதி இருக்கும், என்.டி. என்று ஒன்று, டி.ஆர். என்று ஒன்று. என்.டி. சொந்த வண்டிக்கு, பல வருடம் செல்லும். டி.ஆர். லாரி மாதிரி வாடகை வண்டிக்கு, ஐந்தே வருடம். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று லாரியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். முன்பு முடிந்த பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள், ஆக முடிந்த தேதிக்கு மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம், வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் தனியாக 5,000. அதுகூடப் பரவாயில்லை, அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடமே திருப்பிக் கேட்கலாம். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அது தாங்காது.

தேதி முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் திரும்ப டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். கார்டை எடுத்து டி.ஆர். தேதியைப் பார்த்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.