சர்வரை மாற்றிய பின் ஷேர் ஃபோல்டர் இழுக்கிறதா?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. அதிலிருந்து 2019, 2022, 2025 என்று அலுவலகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. மாறிய மறுநாளே வரும் புகார்: "ஃபைல் திறக்கவே மாட்டேங்குது." உடனே ஃபயர்வாலை அணைப்பார்கள், யாரோ சொன்னார்கள் என்று எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பை) திரும்ப நிறுவுவார்கள். 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். அதைத் திறந்துவிட்டால் வேகமும் கூடாது.

எதையும் தொடுவதற்கு முன் அளந்து பாருங்கள். 4 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை சர்வரிலிருந்து எடுங்கள், பிறகு சர்வருக்கு அனுப்புங்கள். ஜிகாபிட் வலையில் நொடிக்கு 110 எம்பி அளவில் வர வேண்டும். ஒரே சீராக 11 எம்பியில் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். எஸ்எம்பி பக்கமே போக வேண்டாம். ஜிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். வேலையின்போது பிடுங்கிச் செருகிய கேபிளில் ஒரு கம்பி விட்டிருந்தாலே இப்படி ஆகும். அப்கிரேடில் நெட்வொர்க் கார்டின் டிரைவர் போய் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் உட்கார்ந்திருப்பதும் உண்டு. கார்டு நிறுவனத்தின் டிரைவரைப் போட்டு, வேகத்தை இரு முனையிலும் ஆட்டோவில் வையுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஐபெர்ஃப்3 என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். அது வட்டை (டிஸ்க்கை) தொடாமல் வலையை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் வந்தால் கேபிள், ஸ்விட்ச், கார்டு மூன்றும் சுத்தம்.

எடுப்பது வேகம், அனுப்புவது மட்டும் மந்தம் என்றால் வட்டைப் பாருங்கள். சின்ன அலுவலகங்களில் புது சர்வரையே டொமைன் கன்ட்ரோலராகவும் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வராகவும்) ஆக்கிவிடுவார்கள். அந்தப் பயனர் கணக்குகளின் தரவுத்தளம் (ஆக்டிவ் டைரக்டரி) இருக்கும் வட்டின் ரைட் கேஷை, அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து வேகம் கூட்டும் வசதியை, விண்டோஸ் தானாகவே அணைத்துவிடும். மின்சாரம் போனால் தரவு சிதையக்கூடாதே! வட்டின் அமைப்பில் அதற்குத் திரும்ப டிக் போட்டுப் பார்த்தாலும் ரீஸ்டார்ட்டில் போய்விடும். அதனுடன் மல்லுக்கட்டாமல் ஷேர் ஃபோல்டரை வேறு வட்டுக்கோ, இன்னும் நல்லது, தனி விர்ச்சுவல் சர்வருக்கோ கொண்டுபோங்கள்.

பெரிய ஃபைல் சரி, ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் மட்டும் நகரவில்லையா? ஆன்ட்டிவைரஸ். சர்வர் 2016 முதல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. மேசைக் கணினியில் வேறு ஆன்ட்டிவைரஸ் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். சர்வரில் தானாக ஒதுங்காது. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேர் சோதிக்கிறார்கள். ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டையும் எடுத்துவிடச் சொல்லவில்லை.

ஹைப்பர்-வி ஹோஸ்டை (விர்ச்சுவல் சர்வர்களை ஓட்டும் இயந்திரத்தை) 2019-க்கு ஏற்றியிருந்தால், விர்ச்சுவல் ஸ்விட்ச்சில் ஆர்எஸ்சி, அதாவது வரும் சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் வசதி, தானாகவே இயங்கும். சில கார்டுகளுடன் அது ஒத்துப்போகாது. ஹோஸ்டில் அதை அணைத்து, அதே 4 ஜிபி ஃபைலால் மறுபடி அளங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள்.

எஸ்எம்பி சைனிங் (வழியில் தரவு மாற்றப்படவில்லை என்று ஒவ்வொரு செய்தியிலும் இடும் கையொப்பம்) மேல் பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பும் சர்வர் 2025-உம் அதைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் புதிய பிராசஸரில் ஜிகாபிட் வலைக்கு அது சுமையே அல்ல. 10 ஜிகாபிட்டிலும் பழைய என்ஏஎஸ் (வலையில் இணைக்கும் சேமிப்பு) பெட்டிகளிலும்தான் தெரியும். அதற்காக எல்லாக் கணினியிலும் அணைப்பது தேவையற்ற ஆபத்து.

காப்பி வேகமெல்லாம் சரியாக இருந்தும் எக்செல் ஃபைல் திறக்க அரை நிமிடம் ஆகிறதென்றால், அதற்குள் பழைய சர்வரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா மெனுவில் எடிட் லிங்க்ஸ் (புதிய எக்செலில் வொர்க்புக் லிங்க்ஸ்) திறந்தால் தெரியும். இல்லாத சர்வரைத் தேடிக் களைத்த பிறகுதான் ஃபைல் திறக்கும். பழைய டிரைவ் மேப்பிங்கும் ஷார்ட்கட்டும் இதே வேலையைச் செய்யும். பழைய சர்வரை முழுதாக நிறுத்தியாகிவிட்டது என்றால், நெட்டாம் (netdom) என்ற விண்டோஸ் கட்டளையால் அதன் பெயரையே புது சர்வருக்கு மாற்றுப்பெயராகக் கொடுத்துவிடலாம்; ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டியதில்லை.