படிப்பை மாற்றலாமா? கிரேடு ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியவை

"எனக்கு இந்த கோர்ஸ் வேண்டாம்" என்ற பேச்சு பொறியியல் கல்லூரிகளில் வருடத்துக்கு இரண்டு முறை பலமாகக் கேட்கும். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் ஒன்று. சீனியர்களுக்கு பிளேஸ்மென்ட் தொடங்கும் ஐந்தாம் செமஸ்டர் இன்னொன்று. சொல்லும் வார்த்தை ஒன்றுதான், பிரச்சினை வேறு. முதலாண்டு மாணவருக்குக் காலம் கையில் இருக்கிறது, ஆனால் எது பிடிக்கவில்லை என்று அவருக்கே தெரியாது. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு எது வேண்டாம் என்பது தெரியும், காலம்தான் கைவிட்டுப் போயிருக்கும். இருவருக்கும் "மனசுக்குப் பிடித்ததைச் செய்" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவது அநியாயம்.

முதலில் கிரேடு ஷீட்டை எடுத்து மேஜையில் விரியுங்கள். மொத்த சராசரியான சிஜிபிஏவைப் பார்க்காதீர்கள், பாடம் பாடமாகப் பாருங்கள். ஒரு மெக்கானிக்கல் மாணவரின் மூன்றாம் செமஸ்டர் தாள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: டிரான்ஸ்ஃபார்ம்ஸ் கணக்கில் அரியர், தெர்மோடைனமிக்ஸில் அரியர், மெட்டீரியல்ஸில் பி பிளஸ், மேனுஃபேக்சரிங்கில் ஏ, லேப் எல்லாவற்றிலும் உச்ச கிரேடான ஓ. "மெக்கானிக்கல் ஒத்துவரல, கம்ப்யூட்டர் சயின்ஸ் போறேன்" என்பார் இவர். ஆனால் தாள் சொல்வது வேறு. கையால் செய்கிற வேலை இவருக்கு நன்றாக வருகிறது, இடறுவது கணக்கில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போனால் அங்கே டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் காத்திருக்கிறது. டேட்டா சயின்ஸ் என்றால் லீனியர் ஆல்ஜீப்ராவும் நிகழ்தகவும்தான் அடித்தளம். எதிலிருந்து தப்பி ஓடுகிறாரோ அதற்கு நேர் எதிரேயே போய் நிற்பார். இவருக்குத் தேவை மூன்று மாதம் உட்கார்ந்து கணக்கு அரியரை முடிக்க ஒரு நல்ல டியூஷன். கோர்ஸ் மாற்றம் பிறகு பேச வேண்டிய விஷயம்.

தாள் வேறு மாதிரியும் இருக்கும். அரியர் ஒன்றுகூட இல்லை, ஆனால் எல்லாப் பாடத்திலும் சி, பி. லேபிலும் அதே. இது ஆர்வமே இல்லாமல் கடமைக்குப் படிப்பவரின் தாள். இவர் மாற்றத்தைப் பற்றி யோசிப்பது நியாயம்தான். மூன்றாவது வகை, பிளஸ் டூவில் நன்றாக எடுத்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே நான்கைந்து அரியர் வைத்தவர். தமிழ் வழியில் படித்து வந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அங்கே தடை ஆங்கிலம். வேறு கோர்ஸ் போனாலும் அதே ஆங்கிலம் கூடவே வரும்.

சில சமயம் தாளில் எதுவுமே தெரியாது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த விளையாட்டுகூட இப்போது பிடிக்கவில்லை என்றால் அது படிப்பைப் பற்றிய கேள்வியே அல்ல. அந்த நிலையில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும் முடிவை எடுக்கக் கூடாது. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் கட்டணமில்லாமல் பேசலாம். மனம் தெளிந்த பிறகு கோர்ஸ் பற்றி உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

போக நினைக்கும் இடத்தின் வாசல் எங்கே இருக்கிறது?

முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். நீங்கள் போக விரும்பும் துறை பிளஸ் டூ முடித்தவரை உள்ளே எடுக்கிறதா, ஏதாவது ஒரு டிகிரி முடித்தவரை எடுக்கிறதா, குறிப்பிட்ட டிகிரிதான் வேண்டும் என்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பாதியில் நிற்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

நிறையத் துறைகளின் வாசல் "எந்த டிகிரியும்" என்பதுதான். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, மூன்றாண்டு சட்டப் படிப்பு, எம்பிஏ, சமூகப் பணி, இதழியல் முதுநிலைப் பட்டயம் எல்லாம் இதில் வரும். வடிவமைப்புக்குப் போக நினைப்பவர் பி.இ. முடித்துவிட்டு சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதி, வடிவமைப்பு முதுநிலைப் படிப்பான எம்.டெஸ். சேரலாம். எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், அதுவும் உங்கள் பிராஞ்ச் தாளைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 2021 முதல் ஹியூமானிட்டீஸ் மற்றும் சமூக அறிவியல் தாளும், 2024 முதல் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுத் தாளும் அதில் உண்டு. சிஏ படிக்க விரும்புபவர் 60 சதவீதத்தோடு பி.இ. முடித்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். இந்தத் துறைகளுக்காகக் கல்லூரியைப் பாதியில் விடுவதில் எந்த லாபமும் இல்லை. டிகிரிதான் அங்கே நுழைவுச் சீட்டு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

மருத்துவம், நர்சிங், வேளாண்மை, கட்டடக்கலை போன்றவற்றின் வாசல் பிளஸ் டூவிலேயே இருக்கிறது. பி.இ. முடித்தாலும் அங்கே முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எம்பிபிஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. 19 வயதில், முதலாண்டு முடிந்ததும் விலகி ஒரு வருடம் நீட்டுக்குப் படித்து இடம் பிடித்தவர் இருபத்தைந்தரை வயதில் மருத்துவர். பி.இ.யை முடித்துவிட்டுப் போகிறவருக்கு இருபத்தெட்டரை ஆகிவிடும். நீட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை என்பதால் கதவு மூடிவிடாது, ஆனால் மூன்று வருடம் போகும். ஆகவே இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, போவதானால் சீக்கிரம் போங்கள். மூன்றாம் ஆண்டை எட்டிவிட்டால் டிகிரியை முடித்துவிட்டுப் போவதே நல்லது. நீட் கைகொடுக்காவிட்டாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

குறிப்பிட்ட டிகிரிதான் வேண்டும் என்கிற மூன்றாவது வகைதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ஆசிரியர் வேலையைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆக இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். "கிராஸ் மேஜர்" என்று தள்ளப்பட்டவர்கள் அதை எம்.எஸ்ஸி. முடித்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கப் போகிறவர், இணைத்தகுதி அரசாணை (இந்த டிகிரி அந்த டிகிரிக்குச் சமம் என்று அரசு ஏற்கும் ஆணை) தன் டிகிரிக்கு உண்டா என்று சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். உளவியலிலும் இப்படித்தான். அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. படித்து ஆலோசகர் ஆகலாம் என்று பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தடை விதித்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

விலகும் முன் ஒரு முறை ருசி பாருங்கள்

புதிய துறை பிடிக்கும் என்பது விலகும் நேரத்தில் வெறும் ஊகம்தான். ஊகத்தைச் சோதித்துப் பார்க்க அதிகம் செலவாகாது. போக நினைக்கும் படிப்பின் மூன்றாம் செமஸ்டர் சிலபஸைத் தரவிறக்குங்கள். பொறியியலில் முதல் செமஸ்டர் எல்லா பிராஞ்சிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், மூன்றாவதில்தான் துறையின் முகம் தெரியும். பழைய வினாத்தாள் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடிஇஎல்லில் (NPTEL) அந்தத் துறையின் எட்டு வார கோர்ஸ் ஒன்றில் சேருங்கள். படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வாரா வாரம் அசைன்மென்ட் வரும். முதல் மூன்று வாரம் எல்லாரும் ஆர்வமாகச் செய்வார்கள். ஐந்தாவது வாரம் இன்டர்னல் தேர்வும் சேர்ந்து வரும்போது அதை உட்கார்ந்து முடிக்கிறீர்களா என்பதுதான் சோதனை. நீட் என்றால் பழைய வினாத்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து 180 கேள்விகளும் எழுதிப் பாருங்கள்.

அந்த வேலையில் மூன்று, நான்கு வருடம் இருப்பவர் ஒருவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். "இந்த வேலை நல்லா இருக்குமா அண்ணா?" என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். வக்கீல் என்றால் வாய்தா வாங்க நின்ற நேரம் வெளியே வரும், டிசைனர் என்றால் வாடிக்கையாளர் ஏழாவது முறை திருத்தச் சொன்னது வெளியே வரும். அதைக் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது நம்பத் தகுந்த ஆசை.

விலகாமலே பாதி தூரம் போகவும் வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்க 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதி கொடுத்தது. ஒன்று கல்லூரியிலும் மற்றொன்று ஆன்லைனிலும் இருக்கலாம். ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் நான்கு வாரப் பாடமும் அதன்பின் ஒரு தகுதித் தேர்வும் உண்டு. அந்த நான்கு வாரமே நல்ல உரைகல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (படிப்பு விதிமுறையில்) படிப்பவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் எடுத்து வேறொரு துறையில் மைனர் (துணை) டிகிரி வாங்க முடியும். வகுப்பு ஆலோசகரிடம் கேட்காததால் இதைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் இருந்தபடியே வேறு தேர்வுக்குப் படிப்பவர்கள் செமஸ்டரை அலட்சியம் செய்தால் இரண்டும் கெடும். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தாலே தேர்வெழுத விடுவதில்லை. மாற்று வழி பலிக்கும் வரை அரியர் இல்லாமல் இருப்பதுதான் உங்கள் பாதுகாப்பு.

பணமும் சான்றிதழும்

விலகுவதாகவே முடிவானால் தேதியைக் கவனியுங்கள். யுஜிசியின் 2018 அக்டோபர் விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், செயல்முறைக் கட்டணம் மட்டும் பிடிப்பார்கள். கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, பதினைந்திலிருந்து முப்பது நாளுக்குள் 50. முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் வராது. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடச் சலுகையான தேதியைத் தனியாக அறிவித்ததும் உண்டு.

அதிகம் சண்டை வருவது ஒரிஜினல் சான்றிதழில்தான். "மீதி வருஷ ஃபீஸைக் கட்டிட்டு மார்க்‌ஷீட்டை வாங்கிக்கோ" என்று சில இடங்களில் சொல்வார்கள். பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் விலகினாலும் அடுத்தடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்பதும், ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇயின் விதி.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்குப் போகாமல் டிசி வாங்காதீர்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை, படிப்பு தொடரும் என்ற கணக்கில் கொடுத்தது. மத்திய அரசின் வட்டி மானியம், உரிய ஆவணத்தோடு மருத்துவக் காரணம் காட்டினால் தவிர, பாதியில் நிறுத்தியவர்களுக்குக் கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பின்னால் தம்பியோ தங்கையோ இருந்தால் விலகும் முன் அதையும் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்க அவகாசம் மட்டும் வேண்டும் என்றால் விலகவே தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷனில் தகுந்த காரணத்துக்கு ஒரே முறையாக ஓராண்டு வரை பிரேக் ஆஃப் ஸ்டடி எடுக்கலாம். துறைத் தலைவர், முதல்வர் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் அது வருகைப் பதிவுக் குறைவாகத்தான் கணக்காகும்.

கல்லூரியை விட்டு வரும் மாணவர்களைக் குறிவைத்து "வேலை உறுதி" என்று விற்கும் பயிற்சி நிறுவனங்களிடம் கவனம் தேவை. "மாதம் சில ஆயிரம்தான், ஃபீஸை இஎம்ஐயாகக் கட்டிக்கோங்க" என்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். முழுத் தொகையும் அன்றே பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். இரண்டாவது மாதம் வகுப்பு பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ சிபில் மதிப்பெண் (அடுத்த கடனுக்கு வங்கி பார்க்கும் மதிப்பெண்) கெடும். ஆதார், பான் கேட்கும்போதே "இது கடனா?" என்று நேராகக் கேளுங்கள்.

வீட்டில் பேசுவதுதான் பலருக்கும் மலைப்பு. சாப்பாட்டு நேரத்தில் "நான் காலேஜ் போகல" என்று ஆரம்பித்தால் பேச்சு அழுகையில்தான் முடியும். ஒரு முழுத்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இதுவரை ஆன செலவு, இனி ஆகும் செலவு, புதிய வழியில் முதல் சம்பளம் வாங்கும்போது என்ன வயது, எந்தத் தேர்வு எந்த மாதம், எத்தனை முறை முயல்வேன், அதற்குள் வராவிட்டால் என்ன செய்வேன். கடைசி வரிதான் அப்பாக்கள் தேடுவது. "இரண்டு முறை எழுதுவேன், வராவிட்டால் பி.எஸ்ஸி.யில் சேர்ந்துவிடுவேன்" என்று தேதியோடு எழுதியிருந்தால் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற கேள்வி கொஞ்சம் தணியும். அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லி அவரைத் தூது அனுப்பாதீர்கள், திட்டு முழுக்க அவருக்குத்தான் விழும்.

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் திரும்பப் பெறுவதில் தகராறு வந்தால் நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். டிசி, நன்னடத்தைச் சான்று, பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், இதுவரை எழுதிய செமஸ்டர்களின் கிரேடு ஷீட் எல்லாவற்றையும் கவுன்டரிலேயே நின்று சரிபார்த்து, பெயர் எழுத்துகளையும் பிறந்த தேதியையும் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.