பிரஸ்ஸுக்குள் கை ஏன் போகிறது?

உலோகத் தகட்டை அழுத்தி வெட்டியும் வளைத்தும் பாகங்கள் செய்யும் பவர் பிரஸ்ஸில் விரல் துண்டான விபத்துகளின் அறிக்கைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றே இருக்கும். எடுத்த நடவடிக்கை: 'அனைவருக்கும் அறிவுறுத்தப்பட்டது.' அந்த பிரஸ்ஸைப் போய்ப் பார்த்தால் தகட்டுக்கு வடிவம் தரும் அதே டை (அச்சு), அதே பெடல். கை உள்ளே போகாமல் தடுக்க வேண்டிய கார்டு (காப்பு) கழற்றப்பட்டு அதே மூலையில் தூசி படிந்து கிடக்கும். ஆள் மட்டும் மாறியிருப்பார்.

அம்பத்தூர், ஒசூர், கோவை என்று வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போகிறவன் நான். விளையாட்டாகக் கையை உள்ளே விடும் ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை. கையை விட்டால்தான் வேலை ஓடும் என்ற நிலையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். டையை அழுத்த மேலிருந்து இறங்கும் பாகம் ராம். ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தின் சுழற்சியை அதற்குக் கொடுப்பது கிளட்ச். பழைய பிரஸ்களில் இருப்பது கீ கிளட்ச். பெடலை மிதித்ததும் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். ராம் கீழே இறங்கி, மறுபடி மேலே வந்த பிறகுதான் விடும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. காலை எடுத்தாலும், மெயின் சுவிட்சை அணைத்தாலும், ஃப்ளைவீலில் இருக்கும் வேகமே அந்த ஸ்ட்ரோக்கை முடித்துவிடும். அதனால் இந்த வகை பிரஸ்ஸுக்கு, கை குறுக்கே வருவதை ஒளிக்கதிரால் உணரும் லைட் கர்ட்டன் என்ற சென்சார் உதவாது. கை குறுக்கே வந்ததும் இயந்திரம் நின்றால்தானே அதற்குப் பயன்? செலவு செய்து சென்சார் மாட்டிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று சொல்லும் முதலாளிகளிடம், உங்கள் கிளட்ச் எந்த வகை என்றுதான் முதலில் கேட்பேன்.

இன்னொரு ஆபத்து டபுள் ஸ்ட்ரோக். கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்துபோனால், ஒருமுறை மிதித்தாலும் ராம் இரண்டாவது முறை தானாக இறங்கும். அடித்த பீஸை எடுக்க ஆபரேட்டரின் கை உள்ளே போகும் நேரமும் அதுதான். இதில் அவருடைய கவனக்குறைவு எங்கே இருக்கிறது? பராமரிப்புப் பதிவேட்டில் தேட வேண்டிய பதிலை அவர் கையில் தேடுகிறோம்.

சரி, கார்டு ஏன் மூலைக்குப் போகிறது? டை மாற்ற அதன் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டலாம் என்றால் ஸ்பேனர் டூல் ரூமில் இருக்கும், அடுத்த லாட் அவசரம் என்று சூப்பர்வைசர் நிற்பார். டையில் பிசிர் கட்டிப் பீஸ் சிக்கிக்கொண்டே இருந்தால், கார்டு இருப்பதே ஆபரேட்டருக்கு இடைஞ்சல். இடுக்கியால் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கை, வெறுங்கையால் வேகமாகப் போடும் ஆளை வைத்துப் போட்டிருப்பார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் இடுக்கியை எடுத்தால் அன்றைய சம்பளம் குறையும். அவர் வேறு என்ன செய்வார்?

ஆகவே நான் கேட்பவை எளிய மாற்றங்கள். போல்ட்டுக்குப் பதில் கீல் வைத்த கார்டு. அது திறந்திருந்தால் பெடல் வேலை செய்யாதபடி ஓர் அமைப்பு. பீஸ் தானாக வெளியே விழ ஒரு சரிவுத் தட்டு. பீஸ் சிக்கும் டையை உடனே டூல் ரூமுக்கு அனுப்பும் அதிகாரம் ஆபரேட்டருக்கே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, டார்கெட்டைக் கையில் இடுக்கியோடு, கார்டு மாட்டிய நிலையில் ஓட்டிப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். பல இடங்களில் இந்த ஒன்றுக்குத்தான் எதிர்ப்பு வருகிறது.

1931-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஹென்ரிச், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயல்களால் நடக்கின்றன என்று எழுதினார். பயிற்சி வகுப்புகளில் இன்றும் இந்தக் கணக்கு ஓடுகிறது. அவர் பார்த்தவற்றில் பெரும்பகுதி காப்பீட்டுக் கோப்புகளும் நிர்வாகத் தரப்பு அறிக்கைகளும்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் நாட்டில் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே, 21-வது பிரிவில், ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு வேண்டும், இயந்திரம் ஓடும்போது அது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தோளில் தொங்கும் துண்டோடு லேத் பக்கம் போவது, கம்ப்ரெஸர் காற்றை உடம்பில் பிடித்துத் தூசி தட்டுவது, ஓடும் மிஷினை வேஸ்ட் துணியால் துடைப்பது எல்லாம் நிறுத்தப்பட வேண்டியவை. ஆனால் டிரில்லிங் மிஷினில் துணிக் கையுறை சுற்றி விரலை இழுத்த விபத்துகளில், கையுறை போடச் சொன்னதே நிர்வாகம் என்பதையும் பார்த்திருக்கிறேன். சுழலும் இயந்திரத்துக்குக் கையுறை கூடாது என்று தெரியாமலே எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கார்டு இல்லாமல் பிரஸ் ஓடுவதை சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்தால், அதுதான் அந்த ஷிப்டின் சட்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பையன்களுக்கு, சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய போர்டால் என்ன பயன்? பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். அப்புறம் அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரமே இரவு ஷிப்டில் தனியாக பிரஸ்ஸில் உட்கார வைப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

'விபத்தில்லா நாட்கள்' என்று எண்ணிக்கை எழுதி, அதற்குப் பரிசும் வைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசு போய்விடும் என்ற பயத்தில் சின்னக் காயத்தைத் துணி சுற்றி மறைக்கிறார்கள். 'நேற்று டபுள் ஸ்ட்ரோக் அடித்தது, கை தப்பியது' என்று வந்து சொல்பவருக்குப் பரிசு கொடுங்கள். திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

1923-ன் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். சட்டை பட்டன் போட முடியாதது அந்தக் கணக்கில் வராது.

அப்படியும் விரல் துண்டாகிவிட்டால், பிரஸ் பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. நேரம் முக்கியம். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கோவையில் கங்கா மருத்துவமனையும் கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றவை. உங்கள் ஊருக்கு எது அருகில் என்று விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணை பிரஸ் ஷாப் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.