தேங்காய் மூடிக்கு ஒரு மூடி

காலையில் சட்னிக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி மிச்சம். மஞ்சளாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும் ஒரு துணியை அதன்மேல் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் விளிம்பைச் சுற்றிப் பொத்திப் பிடிக்கிறேன். பத்து, பதினைந்து விநாடிதான். கையை எடுத்தால் துணி ஓட்டின் வளைவை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரப்பர் பேண்டு வேண்டாம், பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். கைச்சூடே போதும்.

அந்தத் துணியில் ஊறியிருப்பது தேன்மெழுகு. அது உருகுவதற்கு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் 35 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். தேனீக்கள் கூட்டில் குஞ்சுகள் வளரும் பகுதியை ஏறக்குறைய அந்த 35 டிகிரியில்தான் வைத்திருக்கின்றன. வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறத்தில் நான்கு ஜோடிச் சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து மெழுகு சின்னச் சின்னச் செதில்களாக வெளிவரும். ஒரு செதிலின் எடை கிட்டத்தட்ட ஒரு மில்லிகிராம். அதை வாயால் மென்று பிசைந்துதான் தேனீ தன் அறைகளைக் கட்டுகிறது. தேனீ பிசைவதற்கு ஏற்ற பக்குவம் நம் உள்ளங்கைக்கும் ஏற்றதாக இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, தண்ணீர் ஏன் உள்ளே போவதில்லை? மெழுகில் பெரும்பகுதி நீளநீளமான கார்பன் சங்கிலிகள் கொண்ட எஸ்டர்கள் என்னும் வேதிப்பொருள்கள். அவை தண்ணீரை அண்டவிடாது. வாழை இலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே, அங்கேயும் வேலை செய்வது இலைமேல் படிந்திருக்கும் மெழுகுதான். துணியில் இந்த மெழுகு இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைத்துவிடுகிறது. ஆனாலும் கொஞ்சம் ஈரம் மெல்லக் கசிந்து வெளியேறும். அதனால்தான் இதில் சுற்றிய கொத்தமல்லிக் கட்டு, பிளாஸ்டிக் பையில் இருப்பதுபோல வியர்த்துக் கொழகொழப்பதில்லை.

வெறும் மெழுகை மட்டும் பூசினால் துணி உருப்படாது. முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். மடித்த இடமெல்லாம் வெடித்து உதிர்ந்தது, எதிலும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்குப் பிசின் வேண்டும், வளைவதற்கு எண்ணெய் வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலைக்கு முதலில் மெழுகில் உருச் செய்யும்போது தேன்மெழுகோடு குங்கிலியம் என்னும் மரப்பிசினும் கடலை எண்ணெயும் சேர்ப்பார்கள். மெழுகு, பிசின், எண்ணெய். விரல் சொன்னபடி வளைந்து, பிறகு அந்த வடிவத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் தேவை.

நமக்குக் குங்கிலியம் வேண்டாம். சாம்பிராணிபோலப் புகை போட விற்கும் சரக்கு உணவு படும் துணிக்கு ஆகாது. சுத்தமான பைன் மரப் பிசின் போதும். எண்ணெய்க்கு ஜோஜோபா என்ற செடியின் விதை எண்ணெய் நல்லது. எண்ணெய் என்று சொன்னாலும் அது உண்மையில் திரவ மெழுகு, எளிதில் கெடாது. நல்லெண்ணெயில் செய்தால் நாளாவட்டத்தில் காறல் வாடை வரும்.

எனக்குச் சரியாக வந்த அளவு: மெழுகு 100 கிராம், தூளாக்கிய பிசின் 25 கிராம், ஜோஜோபா இரண்டு டீஸ்பூன். 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறேழு துணிக்கு வரும். துவைத்துத் துவைத்துக் கஞ்சி போன பழைய பருத்தி வேட்டி அருமையாக ஒத்துவரும். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், அளவுக்கு மீறிச் சூடானால் தீப்பிடிக்கும். கொதிக்கும் நீருக்குள் ஒரு டப்பாவை வைத்து உருக்குங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதுவே பாதுகாப்பு. பிசின் கரைய நேரமாகும், பொறுமையாகக் கிளறுங்கள். பிரஷ்ஷால் துணியில் தடவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு சமமாகப் பரவும். அப்புறம் இரண்டு முனையைப் பிடித்துக் காற்றில் ஆட்டினால் ஒரு நிமிடத்தில் விறைத்துவிடும். டப்பாவில் ஒட்டிய மெழுகைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.

எந்தச் சூடு துணியை வளைக்கிறதோ அதே சூடு அதைக் கெடுக்கவும் செய்யும். ஆவி பறக்கும் இட்லியை இதில் கட்டினால் மெழுகு இட்லியில்தான் இருக்கும். வடை, பஜ்ஜிக்கும் ஆகாது, மெழுகு எண்ணெயில் இளகும். பச்சை மீன், இறைச்சி கூடவே கூடாது, ஏனென்றால் இந்தத் துணியை வெந்நீரில் கழுவ முடியாது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். போன சித்திரையில் ஒரு துணியை நான்காக மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். இரண்டு நாளில் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. வெயில் காலத்தில் விரித்தே வையுங்கள்.

ஒரு வருஷம் போல உழைக்கும். பிடிப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் மெழுகு தடவி இஸ்திரி போட்டால் போதும். நூலே நைந்துவிட்டால் நீள நீளமாகக் கிழித்து வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஈர விறகுகூட அதைக் கொண்டு பற்றிக்கொள்கிறது.