பெகாசஸ் பறக்க என்ன வேண்டும்?

கிரேக்கப் புராணத்தில், பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் தலையை வீரன் பெர்சியஸ் வெட்டியபோது அவள் கழுத்திலிருந்து எழுந்த சிறகுள்ள குதிரை பெகாசஸ். தந்தை, கடல் தெய்வமான பொசைடன். ஹெலிகோன் மலையில் அதன் குளம்பு பட்ட இடத்தில் ஹிப்போகிரீன் ஊற்று பொங்கியது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். கொரிந்து நகரத்து வெள்ளிக் காசுகளிலும் பெகாசஸ் இருக்கிறது. அவற்றில் சிறகு தோளில் கிளம்பி, உடலின் நீளத்தைக்கூட எட்டாமல் முடிந்துவிடும். 450 கிலோ குதிரையை அது தூக்குமா?

தூக்காது. பறவைகளின் சிறகு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோவரைதான் தாங்கும். அந்தக் கணக்கில் பெகாசஸுக்கு 18 சதுர மீட்டர் வேண்டும். அதாவது ஒவ்வொரு சிறகும் 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். கதையில் அதன்மேல் சவாரி செய்யும் வீரன் பெல்லரோஃபோன் ஏறி உட்கார்ந்தால் இன்னும் கூடும். உருவம் இரு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகிறது, எடையோ எட்டு மடங்காகிறது. பறக்கும் பறவைகளில் மிகக் கனமான ஒன்றான ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்டே 20 கிலோவைத் தாண்டுவதில்லை.

சரி, சிறகைப் பெரிதாக வரைந்துவிடலாம். எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது தோலுக்கு அடியில் இருக்கும் சிக்கல். சிறகைக் கீழ்நோக்கி அடிப்பது மார்புத் தசை. கோழியில் நாம் நெஞ்சுக்கறி என்று சாப்பிடுவது அதைத்தான். அது பற்றிக்கொள்வதற்காகப் பறவையின் மார்பெலும்பு முன்பக்கம் கத்தியின் அலகுபோல் துருத்தி நிற்கிறது. இரண்டு காறை எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்து தோளுக்கு முட்டுக் கொடுக்கின்றன. குதிரைக்கோ காறை எலும்பே கிடையாது! அதன் முன்னங்கால்கள் வெறும் தசையாலும் நாராலும் உடம்போடு கட்டப்பட்டிருக்கின்றன. ஓடும்போது காலடி நீளமாக விழுவதற்கும், குளம்பு தரையில் மோதும் அதிர்ச்சி உடம்பை உலுக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம். ஓடுவதற்கு அருமையான அமைப்பு. ஆனால் அந்தத் தோளில் சிறகை வைத்து அடித்தால், விசை ஊன்றிக்கொள்ள உள்ளே எலும்பு இல்லை.

அப்புறம் கால் கணக்கு. முதுகெலும்புள்ளவற்றில் சிறகடித்துப் பறந்த மூன்று கூட்டங்களும், அதாவது பறவையும் வௌவாலும், டைனோசர் காலத்தில் பறந்த ஊர்வனவான டெரோசாரும், முன்காலைத்தான் சிறகாக்கிக்கொண்டன. நான்கு காலும் இருக்க, மேலே தனியாக இரண்டு சிறகு எதற்கும் வாய்க்கவில்லை.

பெகாசஸுக்கு மிக அருகில் வருவது டெரோசார்தான். 1971-ல் டெக்சாஸில் கண்டெடுக்கப்பட்ட குவெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாரின் சிறகு விரிப்பு சுமார் 10 மீட்டர். எடை 200 கிலோவுக்கு மேல் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மடித்த சிறகுகளை முன்னங்கால்களாக ஊன்றித் தரையில் நடந்தது. பறக்கும்போது நான்கையும் உதைத்து ஒரே எகிறலில் மேலே கிளம்பியிருக்க வேண்டும் என்பது அவர்களில் பலரின் முடிவு.